குழாயில் இருக்கும் வருடம் ஸ்கோப்பின் வயதல்ல!

பழைய ரைஃபிள் ஸ்கோப் ஒன்று விற்பனைக்கு வருகிறது. குழாயில் 1943 என்று பொறித்திருக்கிறது. அவ்வளவுதான்... "இரண்டாம் உலகப்போர் ஒரிஜினல்" என்று விற்பவர் அடித்துச் சொல்கிறார். வாங்குபவரும் தலையாட்டிவிட்டு பர்ஸைத் திறக்கிறார். ஒரே ஒரு வவுச்சரைப் பார்த்துவிட்டு மொத்தக் கணக்கும் சரி என்று கையெழுத்துப் போடும் ஆடிட்டரை யாராவது நம்புவார்களா? ஸ்கோப் விஷயத்தில் மட்டும் நம்புகிறார்கள்!

அந்த வருடம் பொய் என்பதல்ல வாதம். அது சொல்வது குழாய் எப்போது செய்யப்பட்டது என்பதை மட்டும்தான். மேலே இருக்கும் டிரம், உள்ளே இருக்கும் லென்ஸ், கீழே இருக்கும் ரைஃபிள்... இவை எதற்கும் அது ஜவாப்தாரி இல்லை.

நல்ல உதாரணம் பிரிட்டிஷ் ராணுவத்தின் நம்பர் 32 ஸ்கோப். மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டும் இது முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கியை மனதில் வைத்து உருவானது. கடைசியில் லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 (டி) ஸ்னைப்பர் ரைஃபிளில் போய் உட்கார்ந்தது. மார்க் 1 என்றால் ஓ.எஸ். 466 ஏ, மார்க் 2 என்றால் ஓ.எஸ். 1650 ஏ, மார்க் 3 என்றால் ஓ.எஸ். 2039 ஏ என்று ஸ்டோர்ஸ் எண் குழாயிலேயே இருக்கும். கூடவே தயாரித்தவரின் சுருக்கெழுத்து, வருடம், வரிசை எண், அரசாங்கச் சொத்து என்று காட்டும் அம்புக்குறி. அந்த அம்பு 'சி' என்ற ஆங்கில எழுத்துக்குள் நின்றால் கனடா அரசாங்கச் சொத்து. இவ்வளவு தகவலையும் பார்த்தால் வயது கண்டுபிடிப்பது சின்னப்பிள்ளை வேலை என்றுதான் தோன்றும்.

ஆனால் 1970 வாக்கில் பிரிட்டன் பழைய நம்பர் 4 (டி) ரைஃபிள்களை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றி எல்42ஏ1 என்று பெயர் வைத்தது. ஸ்கோப்பையும் விடவில்லை. மார்க் 3 ஸ்கோப்களை எடுத்து, மீட்டர் கணக்கில் புது டிரம் போட்டு, பழைய பெயரை அடித்துவிட்டு எல்1ஏ1 என்று பொறித்தார்கள். அப்படிப்பட்ட ஸ்கோப்பில் 1944 என்று இருந்தால் அதன் வயது என்ன? 1944-இல் பிறந்து 1970-களில் மறுபிறவி எடுத்தது என்று இரண்டையும் எழுதுவதுதான் நேர்மை. முதல் பாதியை மட்டும் எழுதி இரண்டாம் பாதியை விழுங்குவதற்கு வியாபாரத்தில் வேறு பெயர் உண்டு.

சோவியத் பி.யூ. ஸ்கோப் கதை இன்னும் சுவாரஸ்யம். வருடம் நேராகவே பொறித்திருக்கும், குழப்பமே இல்லை. ஆனால் போருக்குப் பின் கிடங்குகளில் ரைஃபிள்களைப் புதுப்பித்தபோது வேறு ஸ்கோப்களைப் பூட்டினார்கள். பீப்பாயின் அடிப்பகுதியில் இருந்த பழைய ஸ்கோப் எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் புது எண்ணைப் போட்டார்கள். ஆக 1943 ரைஃபிளும் 1943 ஸ்கோப்பும் போர்க்களத்தில் ஒன்றையொன்று பார்த்தே இருக்காது! போதாக்குறைக்கு, பழைய முத்திரையோடு இன்று புதிதாகச் செய்த நகல்களும் சந்தையில் உலவுகின்றன.

ஜெர்மன் ஸ்கோப்பில் நேர்மாறான சிக்கல். மூன்றெழுத்துக் குறிகள் தயாரித்தவர் யார் என்பதை எதிரியிடமிருந்து மறைக்கவே போடப்பட்டவை. பி.எல்.சி. என்றால் யேனா நகரத்து கார்ல் ஸைஸ், பி.எம்.ஜே. என்றால் ஹென்ஸோல்ட், டி.டி.எக்ஸ். என்றால் ஃபோக்ட்லேண்டர். குறி ஆளைக் காட்டும், பிறந்த வருடத்தைக் காட்டாது. போர்க்காலம் என்ற எல்லை மட்டும் கிடைக்கும். அதே ஸ்கோப் இசட்.எஃப்.4 மாடலாக இருந்தால் 1943-க்கு முன்னால் போக முடியாது என்று எல்லை இன்னும் சுருங்கும். குறியையும் மாடலையும் சேர்த்துப் படித்தால்தான் பதில்.

வருடமே இல்லாத ஸ்கோப்புக்கும் இதே வழிதான். 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. வீவர் ஸ்கோப்பில் 'எல் பாஸோ, டெக்ஸாஸ்' என்று இருந்தால், அந்தத் தொழிற்சாலை 1984-இல் மூடப்பட்டதால், அதற்குப் பிந்தியதாக இருக்க வழியில்லை.

விதி ரொம்ப எளிது. ஸ்கோப்பில் இருக்கும் அடையாளங்களில் மிகப் புதியது எதுவோ, அதற்கு முன்னால் அந்த ஸ்கோப் இன்றைய உருவத்தில் இருந்திருக்க முடியாது. விற்பவர் காட்டுவது எப்போதும் மிகப் பழைய அடையாளத்தை. வாங்குபவர் தேட வேண்டியது மிகப் புதியதை. குழாய் முழுக்கத் தேய்ந்திருக்க, எழுத்து மட்டும் நேற்று வெட்டியது போலக் கூர்மையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் உஷாராக வேண்டும்.

"கண்ணாடி தெளிவாக இருக்கிறது, வயதைப் பற்றி என்ன கவலை?" என்று ஒரு கோஷ்டி கேட்கிறது. நியாயமான கேள்விதான். அப்படியானால் கண்ணாடிக்கு மட்டும் விலை சொல்லட்டும்! வயதுக்குக் காசு வாங்கிக்கொண்டு வயதைப் பற்றிக் கேட்காதே என்பது என்ன நியாயம்?

பணம் போவது ஒருவருக்குத்தான். அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. தப்பான வருடத்தோடு விற்ற ஸ்கோப் நாளை சேகரிப்பாளர் பட்டியலில் ஏறும். அடுத்த ஸ்கோப்புக்கு அந்தப் பட்டியலே சாட்சியாகும். பொய் வவுச்சரை வைத்து எழுதிய லெட்ஜர், பிறகு லெட்ஜரே ஆதாரம்... இப்படித்தான் சரித்திரமும் திவாலாகிறது.