காதால் கேட்க வேண்டிய வரலாறு

1975 ஏப்ரல். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மென்லோ பார்க் பள்ளிக்கூடம் ஒன்றில் ஹோம்ப்ரூ கணினி மன்றம் கூடியிருந்தது. ஸ்டீவ் டாம்பியர் என்ற இளைஞர் தன் ஆல்டேர் 8800 கணினியைக் கொண்டுவந்திருந்தார். அதற்குத் திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. முன்பக்கச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டித்தான் நிரலை ஏற்ற வேண்டும். பாதியில் மின்சாரம் போய் அத்தனையும் அழிந்தது. அவர் மறுபடி முதலிலிருந்து தட்டினார். முடித்ததும், பக்கத்தில் இருந்த சின்ன ரேடியோவில் பீட்டில்ஸ் பாட்டு ஒன்று ஒலித்தது.

கணினியையும் ரேடியோவையும் எந்தக் கம்பியும் இணைக்கவில்லை. கணினியின் மின்துடிப்புகள் கசிந்து வானொலி அலைகளாகப் பரவின. எந்தக் கட்டளை எவ்வளவு நேரம் ஓடினால் எந்தச் சுருதி வரும் என்று டாம்பியர் கண்டுபிடித்திருந்தார். கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இந்தக் காட்சியைப் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் அந்தக் கரகரத்த மெட்டைக் கேட்டால்தான் அன்றைய வியப்பு நமக்குப் புரியும். தனிநபர் கணினியின் தொடக்க காலத்தைச் சொல்ல பாட்காஸ்ட்டைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை என்பேன்.

ஏனென்றால் அந்தக் காலத்துக் கணினிகள் ஒலியில்தான் வாழ்ந்தன. 1977இல் வந்த ஆப்பிள் 2, கமடோர் பெட், டிஆர்எஸ்-80 மூன்றுமே நிரல்களைச் சாதாரண கேசட்டில் சேமித்தன. அதற்கு முன்பே கன்சாஸ் சிட்டி முறை என்ற பொது வழக்கம் உருவாகியிருந்தது. சுழியத்துக்கு 1200 ஹெர்ட்ஸ், ஒன்றுக்கு 2400 ஹெர்ட்ஸ். நொடிக்கு 300 பிட். பாட்டுக் கேசட்டைப் போலவே நிரலையும் ஓடவிட்டுக் கேட்கலாம். 1980களில் நெதர்லாந்து வானொலியும் பிபிசி ரேடியோ 4-உம் நிரல்களை ஒலியாகவே ஒலிபரப்பின. நேயர்கள் டேப் ரெக்கார்டரில் பதிந்து, தங்கள் கணினியில் ஏற்றி ஓட்டினார்கள். கதை சொல்லும் ஒலிப்பதிவு, கதையில் வரும் நிரலையே நம் காதுக்குக் கொண்டுவர முடியும் என்பது வேறெந்த வரலாற்றுக்கும் வாய்க்காத பேறு.

அந்தக் கதையில் இருந்தவர்களின் குரல்களும் கேட்கப்பட வேண்டியவைதான். ஆல்டேரை உருவாக்கிய எட் ராபர்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நியூ மெக்சிகோவின் அல்புகர்கியில் கடனில் தத்தளித்த சிறு நிறுவனத்தை வைத்துக்கொண்டு, 256 பைட் நினைவகம் கொண்ட கணினியைப் பாகங்களாக 397 டாலருக்கு விற்கத் துணிந்தவர். பில் கேட்ஸும் பால் ஆலனும் பேசிக் மொழியின் தங்கள் வடிவத்தை எழுதியது அவருடைய கணினிக்காகத்தான். 1977இல் நிறுவனத்தை விற்றார்; ஜார்ஜியா போய் விவசாயம் செய்தார்; பிறகு மருத்துவம் படித்து சிறிய ஊரொன்றில் மருத்துவராக இருந்தார். 2010இல் காலமானார். இரண்டு மூன்று கோடீசுவரர்களின் பெயரைச் சுற்றியே கதை சொல்பவர்கள் இவரை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள். அது வரலாற்றுக்குச் செய்யும் அநியாயம்.

இப்படிப்பட்டவர்களின் கதையைச் சரியாகப் பதிவு செய்பவர்களும் இருக்கிறார்கள். அட்டாரி கணினிகளுக்கென்றே நடக்கும் ஆன்டிக் பாட்காஸ்ட், பெயர் தெரியாத பொறியாளர்கள், விளையாட்டு எழுதியவர்கள், கையேடு எழுதியவர்கள் என நூற்றுக்கணக்கானவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்திருக்கிறது. மவுன்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகமும் வாய்மொழி வரலாறுகளைத் திரட்டிவைத்திருக்கிறது. அந்தப் பதிவுகளில் ஒருவர் பழைய சிப்பின் பெயரைச் சொல்லும்போது குரலில் ஏறும் உற்சாகத்தை எந்த எழுத்தாலும் பிடிக்க முடியாது.

அன்று இருபது வயதில் இருந்தவர்களுக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கணினியைத் தந்த கிளைவ் சின்க்ளேர் 2021இல் போய்விட்டார். ஆகவே பாட்காஸ்ட் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பின்னணி இசையைக் குறைத்துக்கொண்டு அந்தக் கேசட்டின் கீச்சொலியைப் போடுங்கள். நீங்கள் கதை சொல்வதற்கு முன், அந்தக் கதையில் இருந்தவர்களிடம் மைக்கைக் கொடுங்கள். அதை இப்போதே செய்யுங்கள்.