ஆழம் தெரியாமல் குண்டு விடாதே

ரெகார்டு நோட்டு, இன்டர்னல்ஸ், ப்ராஜெக்ட் ரிவ்யூன்னு ஏகப்பட்ட ஆணி. அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வர முடியலை. திட்டிக்கிட்டே எட்டிப் பார்த்த நாலு பேருக்கும் நன்றி :-)

போன வாரம் ராத்திரி ஹாஸ்டல் ரூம்ல ஒரு யூடியூப் வீடியோ ஓடிச்சு. அமெரிக்காவுல ஒருத்தர், வீட்டுக்குப் பின்னாடி பெரிய வெட்டவெளி. தானே வீட்டுல செஞ்ச ஷாட்கன் ஸ்லக்கை எடுத்துக் காட்டறார். எதிர்ல மரப்பலகைகளை வரிசையா அடுக்கி வச்சிருக்கார். டுமீல்! கிட்டப் போய் ஒவ்வொரு பலகையா எடுத்து எண்றார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... அஞ்சாவதுல பாதி. "மச்சி, நாலரை பலகைடா!"ன்னு ரூமே கை தட்டிச்சு. "அது என்ன மரம்?"னு கேட்டேன். "படம் பாக்க விடுடா சாமி"ன்னு தலகாணி பறந்து வந்துச்சு.

தலகாணிக்குப் பயந்து அன்னிக்கு அடக்கினதை இங்க கொட்டிடறேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. ஷாட்கன்ல வழக்கமா போடறது ஒரு தோட்டாக்குள்ள நிறைய சின்னச் சின்ன ஈயக் குண்டுகள். பறவை, முயல் சுட. அதுக்குப் பதிலா ஒரே பெரிய ஈயக் கட்டியா போட்டா அதுதான் ஸ்லக். ஜெர்மனியில வில்ஹெல்ம் பிரென்னெக்கே 1898-ல ஒண்ணு வடிவமைச்சார். அமெரிக்காவுல கார்ல் ஃபாஸ்டர் 1931-ல இன்னொண்ணு. மான் வேட்டைக்குப் போற அமெரிக்கர்கள் இன்னிக்கும் ஸ்லக் வாங்கறாங்க. சொந்தமா செய்யறது அங்க ஒரு பொழுதுபோக்கு. 12 கேஜ் துப்பாக்கியில போற சாதாரண கம்பெனி ஸ்லக் ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம். வேகம் விநாடிக்கு 480 மீட்டர் பக்கம்.

என் கருத்து இதுதான்: பலகை எண்ற அந்த விளையாட்டு பரிசோதனை இல்லை. அது குண்டைப் பத்திச் சொல்றதை விட பலகையைப் பத்தித்தான் அதிகமாச் சொல்லுது.

கறிக்கடையில வெட்டுற கட்டையைப் பார்த்திருப்பீங்க. புளியங்கட்டை. ஏன் முருங்கைக் கட்டை போடறதில்லைன்னு யாரும் கேக்க மாட்டோம். ஒரே கத்தி, ஒரே கை, ஆனா ரெண்டுலயும் ஒரே ஆழமா இறங்கும்? மரத்தோட கடினத்தை அளக்க ஜான்கா சோதனைன்னு ஒண்ணு உண்டு. 11.28 மி.மீ. விட்டமுள்ள எஃகு உருண்டையைப் பாதி விட்டம் வரைக்கும் மரத்துக்குள்ள அமுக்க எவ்வளவு விசை வேணும்னு பார்க்கறது. அமெரிக்க வெள்ளை பைனுக்கு சுமார் 380 பவுண்டு. சிவப்பு ஓக்குக்கு சுமார் 1290. மூணு மடங்குக்கு மேல. அதுவும் ரெண்டுமே ஒரே அளவு காஞ்ச மரமா இருக்கணும். பச்சை மரம்னா கணக்கே வேற. நார் ஓடற திசை, முடிச்சு, பலகைகளுக்கு நடுவுல இடைவெளி விட்டாங்களா இல்லையா, எல்லாமே விடையை மாத்தும். வீடியோல இதுல ஒண்ணு கூடச் சொல்லலை.

சரி, எப்பவும் ஒரே மரம், ஒரே ஈரப்பதம்னு வச்சுக்குவோம். அப்பவும் "ஆழமாப் போனா பலம் அதிகம்"னு சொல்ல முடியாது. ஈயம் மெத்துன்னு இருக்கற உலோகம். வேகமா மோதினா தலை நசுங்கி காளான் மாதிரி விரியும். விரிஞ்சா முன்பக்கப் பரப்பு கூடும், தடை கூடும், சீக்கிரம் நின்னுடும். அமெரிக்க ராணுவத்துல ஆயுதத் துறையில இருந்த ஜூலியன் ஹாட்சர் 1947-ல ஒரு புத்தகம் வெளியிட்டார். அதுல வர்ற ஒரு விஷயம்: ஓக் மரத்துல ஒரு ரைஃபிள் குண்டு 50 அடியில இருந்து சுட்டப்போ இறங்கினதை விட, 200 கஜத்துல இருந்து சுட்டப்போ அதிக ஆழம் இறங்கிச்சு. தூரம் போனா வேகம் குறையும்னு எல்லாருக்கும் தெரியும். வேகம் குறைஞ்ச குண்டு அதிக ஆழம்! பலகை எண்ற நம்ம ஆளு இதைப் பார்த்திருந்தா "தூரமாப் போகப் போக குண்டுக்கு பலம் ஏறுது"ன்னு தலைப்பு வச்சிருப்பார்.

இங்கதான் எங்க ஊர் கதைக்குள்ள வருது. எங்க ஊர் கடலூர். அட, குண்டுக்கும் கடலூருக்கும் என்னடா சம்பந்தம்னு கேக்கறீங்களா? பொறுங்க.

பெஞ்சமின் ராபின்ஸ்னு ஒரு இங்கிலாந்துக் கணித ஆசாமி. 1707-ல பாத் நகரத்துல பிறந்தவர். 1742-ல பீரங்கிக் கலையைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். அதுக்கு முன்னாடி துப்பாக்கிக் குண்டு என்ன வேகத்துல போகுதுன்னு நேரா அளக்க யார்கிட்டயும் நல்ல வழி இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒண்ணை 18-ஆம் நூற்றாண்டுல எப்படி அளக்கறது? அவரும் மரக்கட்டையைத்தான் எடுத்தார். ஆனா ஆழத்தைப் பார்க்கலை. கட்டையை ஊசல்ல கட்டித் தொங்க விட்டுட்டார்! சுமார் 56 பவுண்டு எடையுள்ள ஊசல். குண்டு வந்து கட்டையில பதியும், ஊசல் பின்னாடி ஆடும், அடியில கட்டின ரிப்பன் எவ்வளவு இழுபட்டுச்சுன்னு பார்த்தா எவ்வளவு ஆடிச்சுன்னு தெரியும். அதுல இருந்து வேகம். அவர் சுட்ட ஈயக் குண்டு ஒரு பவுண்டுல 12-ல ஒரு பங்கு. இன்னிக்கு 12 கேஜ்னு சொல்றதுக்கு அர்த்தமே அதுதான்: ஒரு பவுண்டு ஈயத்துல 12 உருண்டை செஞ்சா அதுல ஒண்ணு போற குழல். அந்த வீடியோக்காரரும் ராபின்ஸும் ஏறக்குறைய ஒரே அளவுக் குழலை வச்சுக்கிட்டு ஒரே மாதிரி மரத்து முன்னாடிதான் நின்னிருக்காங்க. நடுவுல ரெண்டரை நூற்றாண்டுக்கு மேல. கேள்வி மட்டும் வேற.

ஊசல் ஏன் ஆழத்தை விட உசத்தி? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன் (ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ்தான், பயப்படாதீங்க). 28 கிராம் ஸ்லக், விநாடிக்கு 480 மீட்டர். 30 கிலோ கட்டையைக் கயித்துல தொங்க விட்டு சுடறோம். உந்தம் அழியாது. அதனால கட்டையும் குண்டும் சேர்ந்து விநாடிக்கு 0.45 மீட்டர் வேகத்துல நகரும். மேல எழும்பற உயரம் ஒரே ஒரு சென்டிமீட்டர். கயிறு ஒன்றரை மீட்டர்னா பக்கவாட்டுல சுமார் 17 செ.மீ. தள்ளும். ஒரு ஸ்கேல் போதும், அளந்துடலாம். முக்கியமா, அது பைனா ஓக்கா, காஞ்சதா ஈரமா, குண்டு நசுங்குச்சா இல்லையா, எதுவும் இந்த விடையைத் தொடாது. குண்டு கட்டைக்குள்ளயே நின்னா போதும்.

இப்போ ஆற்றலைப் பாருங்க. மோதும் முன்னாடி குண்டுகிட்ட இருந்தது சுமார் 3226 ஜூல். ஊசல் ஆடறதுக்குப் போனது 3 ஜூல். ஆயிரத்துல ஒரு பங்கு! மீதி எல்லாம் நாரைக் கிழிக்கவும், ஈயத்தை நசுக்கவும், சூடாக்கவும் போயிடுச்சு. ஓட்டையோட ஆழம் இந்தக் குழப்பத்தோட மொத்த விடை. எது எதனாலன்னு அதைப் பார்த்துப் பிரிக்கவே முடியாது. ராபின்ஸ் அந்தக் குழப்பத்தைத் தாண்டி அழியாம நிக்கற ஒண்ணைப் பிடிச்சார். அதை வச்சு, வேகமாப் போற குண்டுக்குக் காத்துத் தடை எல்லாரும் நினைச்சதை விட ரொம்ப அதிகம்னு காட்டினார். பீரங்கிக் குண்டு அழகா பரவளையத்துல போகுதுன்னு நம்பிக்கிட்டிருந்தவங்களுக்கு அது பெரிய அடி. ஆய்லர் மாதிரி ஒரு ஆளே உக்காந்து அந்தப் புத்தகத்தை ஜெர்மனுக்கு மொழிபெயர்த்து, தன் விளக்கங்களோட 1745-ல வெளியிட்டார்னா பார்த்துக்குங்க.

கடலூர்? 1746-ல பிரெஞ்சுக்காரங்க சென்னையைப் பிடிச்சு, 1749-ல திருப்பிக் கொடுத்தாங்க. கோட்டைகளைப் பலப்படுத்த கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்ஸை இங்க அனுப்பிச்சு. 1750-ல வந்தார். அடுத்த வருஷமே, 1751 ஜூலை 29-ல, காய்ச்சல்ல கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில செத்துப் போயிட்டார். வயசு 44. அந்தக் கோட்டையோட மிச்சம் தேவனாம்பட்டினத்துல இருக்கு. சில்வர் பீச்சுக்குப் போறப்ப எல்லாம் சுண்டல் சாப்பிட்டுக்கிட்டே அந்தப் பக்கம் எத்தனை தடவை போயிருப்பேன்! ஸ்கூல்ல ஒருத்தரும் இந்தப் பேரைச் சொன்னதில்லை.

"சும்மா ஜாலிக்கு எடுத்த வீடியோடா, இதுக்கு எதுக்கு ராபின்ஸு ஆய்லரு?"ன்னு என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்விதான். ஜாலிக்குன்னா எனக்கும் சந்தோஷமே. ஆனா வீடியோ முடியறப்போ "இது கம்பெனி ஸ்லக்கை விட நல்லா வேலை செய்யுது"ன்னு அவர் தீர்ப்பு சொல்றாரே, அங்கதான் இடிக்குது. தோட்டா வெடிக்கறப்போ குழலுக்குள்ள எவ்வளவு அழுத்தம் வருதுன்னு பலகை சொல்லாது. 12 கேஜ் சாதாரண தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில் தரம் வச்சிருக்கற உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. வீட்டுல செஞ்சது அந்த வரம்பைத் தாண்டிச்சா இல்லையா? ஓட்டை ஆழமா இருந்தா கை தட்டறோம். அந்த ஆழமே அழுத்தம் எகிறினதால வந்திருந்தா? குழல் வெடிச்சா முதல்ல போறது சுட்டவரோட கையும் கண்ணும். அளக்க வேண்டியதை அளக்காம, அளக்க சுலபமா இருந்ததை அளந்துட்டு தீர்ப்பு சொல்றது வெறும் அறிவியல் பிழை மட்டும் இல்லை.

உண்மையிலேயே ஆழத்தைத்தான் அளக்கணும்னா அதுக்கும் ஒழுங்கான வழி இருக்கு. 1986-ல மியாமியில நடந்த ஒரு துப்பாக்கிச் சண்டையில ரெண்டு எஃப்.பி.ஐ. ஆளுங்க செத்தாங்க. அதுக்கப்புறம் எஃப்.பி.ஐ. குண்டுகளைச் சோதிக்க ஒரு முறையைக் கொண்டு வந்துச்சு. 10 சதவீத ஜெலட்டின் கட்டி, 4 டிகிரி குளிர்ல. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, நிஜக் குண்டைச் சுடறதுக்கு முன்னாடி ஒரு குட்டி எஃகு உருண்டையை விநாடிக்கு 590 அடி வேகத்துல அந்தக் கட்டியில சுட்டுப் பார்ப்பாங்க. அது 8.5 செ.மீ. இறங்கணும், ஒரு செ.மீ. முன்னப் பின்ன இருக்கலாம். இல்லைன்னா அந்தக் கட்டியையே தூக்கிப் போட்டுடணும். குண்டைச் சோதிக்கறதுக்கு முன்னாடி கட்டியைச் சோதிக்கறாங்க. வீடியோக்காரருக்கும் ஆய்வகத்துக்கும் வித்தியாசம் மெஷின் விலையில இல்லை, இந்த ஒரு பழக்கத்துலதான் இருக்கு.

இவ்வளவு வாய் பேசிட்டேன். இனிமே கொஞ்சம் கசப்பான பாகம். நம்ம கிளாஸ் மக்கள் கவனமாப் படிங்க.

எங்க டீம் ப்ராஜெக்ட் தென்னை நார் கலந்த பலகை. உங்களுக்கே தெரியும். போன ரிவ்யூவுக்கு சார்பி டெஸ்ட் பண்ணோம். அதுவும் ஊசல்தான். ஊசல் விழுந்து துண்டை உடைச்சுட்டு மறுபக்கம் எவ்வளவு உயரம் ஏறுதுன்னு பார்த்து, உடைக்கச் செலவான ஆற்றலைச் சொல்லும். அஞ்சு துண்டு உடைச்சோம். நாலு சுமாரா வந்துச்சு. ஒண்ணு மட்டும் மத்ததை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஸ்லைடுல எதைப் போட்டோம்? அந்த ஒண்ணை. "நாரும் பிசினும் நல்லா பிணைஞ்சிருக்கு"ன்னு காரணம் வேற எழுதினோம். எழுதினது நான்தான். அந்தத் துண்டு மட்டும் கொஞ்சம் தடிமனா இருந்துச்சுன்னு லேப் அண்ணா அப்பவே சொன்னார். "விடுங்கண்ணா, மார்க் வந்தா போதும்"னு சிரிச்சதும் நான்தான். கைடு பாராட்டினார். கிளாஸே கை தட்டிச்சு.

நாலரை பலகைக்குக் கை தட்டினப்போ எனக்கு ஏன் அவ்வளவு எரிச்சல் வந்துச்சுன்னு யோசிச்சுப் பார்த்தேன். அந்த அமெரிக்கராவது சுட்டதை முழுசாக் காட்டினார். நாங்க நாலு துண்டை குப்பைத் தொட்டியில மறைச்சோம். யாராவது அந்த நம்பரை நம்பி அந்தப் பலகையில ஹெல்மெட்டோ நாற்காலியோ செஞ்சா?

திங்கக்கிழமை அடுத்த ரிவ்யூ. அஞ்சு மதிப்பையும், அஞ்சு துண்டோட தடிமனையும் ஸ்லைடுல போட்டுட்டேன். கைடுக்கு மெயிலும் அனுப்பியாச்சு. டீம்ல ஒருத்தன் சரின்னுட்டான். ரெண்டு பேர் பேசறதில்லை. மார்க் குறையும், அது நிச்சயம். அவங்க கோபத்துலயும் நியாயம் இருக்கு. மார்க் என்னுது மட்டும் இல்லையே. பொய் எழுதினது நான், விலை கொடுக்கறது நாலு பேர். இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஸ்லைடை மாத்தறதா மட்டும் இல்லை.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் ஸ்லக் செய்யக் கிளம்பிடாதீங்க. நம்ம ஊர்ல லைசென்ஸ் இல்லாம தோட்டா கையில வச்சிருந்தாலே ஆயுதச் சட்டத்துல உள்ள போகணும். ஆசையா இருந்தா ஒரு கட்டையைக் கயித்துல தொங்க விட்டு கிரிக்கெட் பந்தை எறிஞ்சு பாருங்க. உங்க பவுலிங் வேகம் தெரிஞ்சுடும். ஒரு கண்டிஷன்: பந்து ஒட்டிக்கணும், திரும்பி வரக்கூடாது. எப்படி ஒட்ட வைக்கறதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க :-)