4,000 ரூபாய் டேஷ்கேம்: தண்டச் செலவா, தேவையான செலவா?



முதல் கார் வாங்கினவங்களோட ஆக்சஸரீஸ் பில்லை எடுத்துப் பாருங்க. சீட் கவர், ஃப்ளோர் மேட், கலர் லைட், அலாய் வீல், சப்வூஃபர் எல்லாம் இருக்கும். டேஷ்கேம் மட்டும் "அப்புறம் பாத்துக்கலாம்". நானும் அப்படிச் சொன்ன ஆளுதான். அந்த "அப்புறம்" எனக்கு எவ்வளவு செலவு வச்சுதுன்னு இன்னைக்குக் கணக்கோட சொல்றேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சாயங்காலம். அம்மாவை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வீட்டுக்குத் திரும்பிட்டு இருந்தேன். மேம்பால ஏத்தத்துல டிராஃபிக். முன்னாடி ஒரு லோடு வேன். வண்டிகள் நகர ஆரம்பிச்சதும், அந்த வேன் முன்னாடி போகாம பின்னாடி உருண்டு வருது. ஹாரன் அடிக்கிறேன். எனக்குப் பின்னாடி பஸ், நகர இடமில்ல. வேன் வந்து என் பம்பர்ல இடிச்சு நின்னுச்சு.

இறங்கிப் போனா வேன்காரர் சொல்றார், "பின்னாடி வந்து இடிச்சது நீங்கதான் சார்." யோசிச்சுப் பாருங்க, பார்க்கிறவங்களுக்கும் அப்படித்தான் தெரியும். அவர் வண்டியில பின் லைட் உடைஞ்சிருக்கு, என் வண்டியில முன் பம்பர் உடைஞ்சிருக்கு. கூடின பத்துப் பேரும் அவர் பக்கம். என்கிட்ட வாய் வார்த்தையைத் தவிர ஒண்ணுமே இல்ல. அம்மா கண்ணாடியை இறக்கி, "குடுத்துட்டு வாப்பா, போலாம்"னு சொன்னாங்க. 5,000 ரூபாயைப் போன்லயே அனுப்பிட்டு வந்துட்டேன். காசு போனதைவிட, செய்யாத தப்புக்கு அம்மா முன்னாடி "சாரிண்ணே" சொன்னதுதான் ரொம்ப நாள் உறுத்துச்சு.

அடுத்த தப்பு நான் பண்ணது

பம்பர் வேலைக்கு 9,000 ரூபாய். "இன்ஷூரன்ஸ்தான் இருக்கே"ன்னு கிளெய்ம் போட்டேன். கட்டாயப் பிடித்தம் 1,000 போக 8,000 கிடைச்சுது. அடுத்த ரினியூவல் வந்தப்போதான் உண்மையான பில் வந்துச்சு.

நோ கிளெய்ம் போனஸ், அதாவது என்.சி.பி., கிளெய்ம் இல்லாம ஓட்டினா ஓன் டேமேஜ் பிரீமியத்துல வருஷா வருஷம் கூடிட்டே போற தள்ளுபடி. 20, 25, 35, 45, கடைசியா 50 சதவீதம். நான் 50-ல இருந்தேன். ஒரே கிளெய்ம்ல பூஜ்யம்.

கணக்கு ஈசியா இருக்க, ஓன் டேமேஜ் பிரீமியம் வருஷம் 12,000, அது மாறவே இல்லன்னு வச்சுக்குவோம். 50 சதவீத தள்ளுபடியில நான் கட்ட வேண்டியது 6,000. கிளெய்ம் போட்ட பிறகு:

முதல் ரினியூவல்: 12,000 (6,000 கூடுதல்)
ரெண்டாவது: 9,600 (3,600 கூடுதல்)
மூணாவது: 9,000 (3,000 கூடுதல்)
நாலாவது: 7,800 (1,800 கூடுதல்)
அஞ்சாவது: 6,600 (600 கூடுதல்)

மொத்தம் 15,000 ரூபாய் கூடுதல். ஜி.எஸ்.டி. தனி. 8,000 வாங்குறதுக்காக 15,000 குடுத்திருக்கேன்! என்.சி.பி. புரொடெக்ஷன் ஆட்-ஆன் போட்டிருந்தா தப்பிச்சிருக்கலாம், அதையும் போடல. வேன்காரருக்குக் குடுத்த 5,000-ஐயும் சேர்த்தா, தப்பே பண்ணாத ஒருத்தனுக்கு 20,000 ரூபாய் பில்.

கேமரா இருந்திருந்தா?

இங்க நேர்மையா பேசணும். கேமரா இருந்தா பம்பர் காசு தானா வந்திருக்காது. சின்ன அடிக்கு எஃப்.ஐ.ஆர். போட்டு, டிரிப்யூனல் வரைக்கும் போய் எதிர் வண்டியோட தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ்ல காசு வாங்க யாருக்கு நேரம் இருக்கு? ஆனா அந்த 5,000 நிச்சயமா போயிருக்காது. அந்த "சாரிண்ணே"வும் வந்திருக்காது.

இதைத் தைரியமா சொல்லக் காரணம் இருக்கு. அதுக்கப்புறம் 4,000 ரூபாய்க்கு ஒரு டேஷ்கேம் வாங்கி மாட்டினேன். போன வருஷம் ஒரு பைக் ராங் சைடுல வந்து என் கார்ல உரசிடுச்சு. அதே மாதிரி கூட்டம், அதே மாதிரி சத்தம். போன்ல வீடியோவைக் காட்டினேன். ரெண்டு நிமிஷத்துல பேச்சு முடிஞ்சுது. அவரும் காசு தரல, நானும் தரல. எனக்கு அதுவே போதும்.

இது சின்ன கேஸ். பெரிய கேஸ் வேற. மத்திய போக்குவரத்து அமைச்சகத்தோட கணக்குப்படி 2022-ல நாடு முழுக்க 4,61,312 விபத்துகள், 1,68,491 உயிரிழப்புகள். விபத்து எண்ணிக்கையில முதல் இடம் நம்ம தமிழ்நாடு, 64,105. யாருக்காவது அடிபட்டுப் போலீஸ் கேஸ் ஆயிடுச்சுன்னா, நீங்க எந்த வேகத்துல வந்தீங்க, சிக்னல் என்ன கலர்ல இருந்துச்சுங்கிறதுதான் கேள்வியே. அப்போ அந்த வீடியோவோட மதிப்பை ரூபாயில சொல்ல முடியாது. ஒரு விஷயம்: வீடியோவைக் கோர்ட்ல சாட்சியாக் குடுக்க, பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63-படி சான்றிதழ் இணைக்கணும். அதனால மெமரி கார்டை அப்படியே பத்திரமா வைங்க. வெட்டி ஒட்டி எடிட் பண்ணி வாட்ஸ்அப்ல சுத்த விடாதீங்க.

இன்னொண்ணும் ஞாபகம் வச்சுக்கோங்க. தப்பு உங்க மேல இருந்தா அதையும் கேமரா பதிவு பண்ணும். அது நல்லதுதான். மாட்டின நாள்லேர்ந்து மஞ்சள் சிக்னல்ல நான் பறக்கிறதில்ல.

வாங்கும்போது என்ன பாக்கணும்?

பிராண்ட் பேரு சொல்லப் போறதில்ல. நாலு விஷயம் மட்டும்.

ஒண்ணு, வெயில். மே மாசம் சென்னையில மூடின காருக்குள்ள என்ன சூடு இருக்கும்னு உங்களுக்கே தெரியும். லித்தியம் பேட்டரி உள்ள கேமரா அந்தச் சூட்டுல உப்பிடும். சூப்பர் கெபாசிட்டர் உள்ளதா பாத்து வாங்குங்க.

ரெண்டு, கழட்டி மாட்டுற வசதி. பிசின் ஒட்டின மவுண்ட் கண்ணாடியிலேயே இருக்கணும், கேமராவை மட்டும் காந்தத்துலயோ ஸ்லைடுலயோ கழட்ட வரணும். வெயில்ல நிறுத்தும்போது கையோட எடுத்துட்டுப் போகலாம், திருட்டு பயமும் இல்ல. ரப்பர் சக்ஷன் கப் சூட்டுல விழுந்துடும். ரியர் வியூ மிரருக்குப் பின்னாடி, உங்க பார்வையை மறைக்காத இடத்துல மாட்டுங்க. ஏர்பேக் திறக்கிற இடத்துக்கு மேல வைக்காதீங்க. 12 வோல்ட் சாக்கெட்லயே கரண்ட் எடுங்க. ஒயரை வெட்டி இணைச்சா வாரண்டிக்குச் சிக்கல் வரலாம்.

மூணு, "ஆன்ட்டி ஃபாக்" விளம்பரம். இதுக்கு மட்டும் கூடுதலா 2,000 குடுக்காதீங்க. லென்ஸ் மேல இருக்கிற பூச்சு, லென்ஸ்ல ஆவி படியறதை மட்டும்தான் குறைக்கும். ஊட்டி, ஏற்காடு போகும்போது மறைக்கிறது பெரும்பாலும் கார் கண்ணாடியில படியற ஆவி. கேமரா அந்தக் கண்ணாடி வழியாத்தான் பாக்குது. உள்பக்கம் ஆவின்னா ஏசியைப் போட்டு, வெளிக்காத்தை உள்ள விட்டு, முன் கண்ணாடிக்குத் திருப்புங்க. வெளிப்பக்கம்னா வைப்பர் போட்டு ஏசி குளிரைக் குறைங்க. அதனால வைப்பர் துடைக்கிற பகுதிக்குள்ள கேமரா இருக்கணும். ரோட்டுலேயே பனிமூட்டம்னா எந்தப் பூச்சும் உதவாது. உங்க கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்கும் தெரியாது. வேகத்தைக் குறைக்கிறதுதான் ஒரே வழி.

நாலு, மெமரி கார்டு. சாதா கார்டு ஓயாம எழுதி அழிச்சு சீக்கிரம் செத்துடும். "ஹை எண்டூரன்ஸ்" கார்டு வாங்குங்க. நிறைஞ்சதும் பழைய வீடியோ மேலேயே எழுதும். அதனால சம்பவம் நடந்த உடனே அந்த ஃபைலை லாக் பண்ணுங்க.

உள்பக்கம் பாக்குற கேமரா? சொந்தக் காருக்குத் தேவையில்லன்னுதான் நான் சொல்வேன். மைக்கையும் ஆஃப் பண்ணிடுங்க. வீட்டுப் பேச்செல்லாம் கார்டுல எதுக்கு?

எந்த வரிசையில செலவு பண்ணணும்?

டேஷ்கேம் இன்ஷூரன்ஸ் கிடையாது, முதலீடும் கிடையாது. டேர்ம் இன்ஷூரன்ஸ், ஹெல்த் இன்ஷூரன்ஸ், எமர்ஜென்சி ஃபண்ட் இல்லாம இதை வாங்காதீங்க. கார் பாலிசியில என்.சி.பி. புரொடெக்ஷன் கிடைக்குமான்னு கேளுங்க. சின்ன ரிப்பேருக்குக் கிளெய்ம் போடறதுக்கு முன்னாடி மேல சொன்ன கணக்கை ஒரு தடவை உங்க நம்பர்ல போட்டுப் பாருங்க. இதெல்லாம் முடிஞ்ச பிறகு கார்ல முதல்ல மாட்ட வேண்டியது டேஷ்கேம். அலாய் வீல் அடுத்த போனஸ்ல வாங்கிக்கலாம்.

நம்ம சம்பளத்துல காரே ஏழு வருஷ இ.எம்.ஐ. அதுக்கு மேல, செய்யாத தப்புக்கும் ரோட்டுல நின்னு காசு குடுக்க வேண்டாம் நண்பர்களே. உங்க ரினியூவல் நோட்டீஸ்ல என்.சி.பி. எவ்வளவுன்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க. அடுத்த வீடியோல பாக்கலாம்!