சைக்கிளுக்கு லைட் கேளுங்கள், வேகத்தைக் காரிடம் கேளுங்கள்

மதிப்பிற்குரிய தென்காசி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் தாங்கள் என்பதால் தங்களுக்கு இதை எழுதுகிறேன்.

கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) பிரிவின்படி, மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் நடந்து போகிறவர்களுக்கும் ஆறு மாதத்துக்குள் விதி வகுக்கச் சொன்னது. சைக்கிளும் இதில் அடக்கம். "அப்படியே சைக்கிளுக்கும் வேக வரம்பு போடுங்கள்" என்கிறார்கள் கார் வைத்திருக்கும் நண்பர்கள் சிலர்.

112ஆம் பிரிவு சொல்லும் வேக வரம்பு மோட்டார் வாகனங்களுக்கு மட்டும்தான். அதற்காகச் சைக்கிள்காரரை யாரும் கேட்க முடியாது என்றில்லை. பொதுவழியில் எந்த வண்டியைத் தாறுமாறாக ஓட்டினாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு பாயும். ஆறு மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆரியங்காவிலிருந்து கியர் சைக்கிளில் புளியரை எஸ் வளைவைப் பறந்து கடக்கிறவருக்கு அதுவே போதும். பால் கேன் மாட்டிய சைக்கிள் இலஞ்சி ரோட்டில் அப்படி என்ன வேகம் போய்விடும்? ஸ்பீடோமீட்டர்கூடக் கிடையாது.

ஒரு காலத்தில் சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை வாங்கினோம். லைட் இல்லாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் போலீஸ் பிடித்தது. டைனமோ இல்லாதவர்கள் போலீஸைக் கண்டதும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். டபுள்ஸ் கெடுபிடி வேண்டாத வேலை. லைட் விஷயத்தில் மட்டும் அந்தக் கண்டிப்பு திரும்ப வர வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காற்றோடு அடிக்கும்போது, குற்றாலம் ரோட்டில் முன்னால் போகும் சைக்கிள் கிட்டே வந்த பிறகே கண்ணுக்குத் தெரிகிறது. பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், இரவில் முன்விளக்கு, எதிர்த்திசையில் வரக் கூடாது, சிக்னலில் நிற்க வேண்டும்: இவ்வளவு போதும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அபராதம் வேண்டாம். 2001 முதல் விலையில்லா சைக்கிள் கொடுத்து வரும் அரசு, ரிஃப்ளெக்டரையும் ஒட்டிக் கொடுக்கலாம்.

வேகத்தைக் குறைக்க வேண்டியது வேறு இடத்தில். மத்திய அரசின் 2018 அறிவிக்கை, நகராட்சி எல்லைக்குள் காருக்கு 70 கிலோமீட்டரை உச்ச வரம்பாக வைத்தது. குற்றாலச் சீசன் கூட்டத்தில் அது எந்தக் கணக்கு? இடத்துக்கேற்பக் குறைக்க 112(2) வழி தருகிறது. தென்காசியிலிருந்து ஐந்தருவி வரையும் பழைய குற்றாலம் வரையும் சீசனில் 30 என்று அறிவிக்கையும் பலகையும் வரட்டும். கேரளத்துக்குக் கனிமம் ஏற்றிப்போகும் லாரிகளுக்குப் பள்ளி விடும் நேரத்தில் தனிக் கண்காணிப்பு வேண்டும்.

எனக்குள்ள பெரிய பயம் இனிமேல்தான். 138(1ஏ) பிரிவு, தேசிய நெடுஞ்சாலையில் சைக்கிள் நுழைவதையே ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநிலத்துக்குத் தருகிறது. விதியை எழுதுகிறவர் சென்னைக் கோட்டையில் உட்கார்ந்து "தடை" என்று ஒரு சொல் போட்டால் முடிந்தது. கொல்லம்–திருமங்கலம் சாலை, அதாவது 744, வரைபடத்தில் தேசிய நெடுஞ்சாலை; புளியரைக்காரருக்கும் செங்கோட்டைக்காரருக்கும் வயலுக்கும் கடைக்கும் பள்ளிக்கும் போகிற ஊர்ச் சாலை. அங்கே சைக்கிளை விலக்கக் கூடாது, ஓரத்தில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று தங்கள் குழுவில் தீர்மானம் போட்டுப் போக்குவரத்துத் துறைக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தென்காசியில் சைக்கிள் ஓட்டும் ஒருவன்