முளைக்கும் கையும் காக்கும் கையும்

பொற்கைப் பாண்டியன் கதையைத் தமிழ் வகுப்பிலே கேளாதவர் நம் பழைய மாணவருள் எவரும் இரார். தன் பிழைக்குத் தானே தண்டம் விதித்துக் கையைக் குறைத்துக்கொண்ட அம்மன்னன், பொன்னாற் செய்த கையைப் பூண்டு நீதி செலுத்தினான் என்பது மரபு. அதனினும் தொன்மையான இருக்கு வேதத்திலே, போரிற் காலிழந்த விசுபலை என்பாளுக்கு அசுவினி தேவர் இரும்புக் கால் பொருத்திய செய்தி வருகின்றது. இழந்த உறுப்பை மீளப் பெறுதல் வேண்டும் என்னும் வேட்கை மனித குலத்துக்கு எத்துணைப் பழையது என்பதற்கு இவை போதிய சான்றாம்.

அவ்வேட்கை இன்று பொற்கொல்லர் பட்டடையை விட்டு ஆய்வுகூடத்தினுட் புகுந்துள்ளது. வெட்டுண்ட கை மீண்டும் முளைக்கும் காலம் வரப்போகின்றது என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. விஞ்ஞானம் பயிலும் மாணவரும் அதனை ஆர்வத்தோடு பேசுகின்றனர். அவ்வார்வத்தைக் குறைத்தல் என் கருத்தன்று. ஆயின், முளைக்கும் கை வருமுன்னர், இருக்கும் கைகால்கள் சிறிதளவு அறிவின்மையால் இழக்கப்படுகின்றனவே, அதற்கு நாம் யாது செய்தோம் என்பதே இப்பொன்விழாவில் யான் எழுப்ப விரும்பும் வினா.

முதற்கண் பனியினால் நேரும் கேட்டை நோக்குவோம். "நாலாயிரம் அடி உயரத்துப் பண்டாரவளையிலே பனியினால் விரல் இழந்தவர் யார்?" எனச் சிலர் நகைக்கக்கூடும். உண்மைதான். தை, மாசி மாதங்களில் நுவரெலியாவின் புல்வெளியை வெண்பனி மூடுவதும் தேயிலைக் கொழுந்து கருகுவதும் உண்டு. ஆயினும் மனிதரின் விரலை உறையச் செய்யும் குளிர் இந்நாட்டில் இல்லை. எனினும் நம்மவர் இந்நாட்டோடு நின்றுவிட்டனரா? கனடாவிலும் நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் குடியேறி வாழும் தமிழர் பல்லாயிரவர். இமயத்தின் சியாச்சின் பனியாற்றிலே 2016-ஆம் ஆண்டு பெப்ரவரி 3-ஆம் நாள் பனிச்சரிவிற் புதையுண்ட பதின்மரும் இந்திய இராணுவத்தின் மதராஸ் படைப்பிரிவினர். அவருள் தமிழகத்தவரும் இருந்தனர். வெப்ப நாட்டிற் பிறந்தவனுக்குக் குளிரின் குணம் தெரியாது. ஆதலின், குளிர் நாட்டுக்குப் புறப்படும் மாணவனுக்கு இவ்வறிவு கடவுச்சீட்டைப் போன்று இன்றியமையாதது.

பனிக்கடி எனப்படும் இந்நோயில் உடலின் இழையங்களிலுள்ள நீர் பளிங்காக உறைகின்றது. நுண்ணிய குருதிக்கலன்கள் சுருங்கிக் கட்டியால் அடைபடுகின்றன. முதலில் எரிவும் குத்தலும் தோன்றும். பின்னர் உணர்ச்சி அற்றுப்போகும். தோல் வெளிறி மெழுகுபோல் இறுகும். நோவு நின்றதும் நோய் நின்றதென்று எண்ணுவோன் ஏமாறுகின்றான். உணர்ச்சி மறைவதே ஆபத்தின் அறிகுறி.

இதற்கான முதலுதவியின் வரலாறு நமக்கொரு பாடம். நெப்போலியனின் படை 1812-ஆம் ஆண்டு உருசியாவிலிருந்து மீண்டபோது, அவனுடைய தலைமைச் சத்திர வைத்தியராகிய லாரே, தீயருகே உறைந்த கால்களைக் காய்ச்சிய வீரர் அவற்றை இழந்ததைக் கண்டார். வெப்பமே பகையென முடிவு செய்து, பனிக்கட்டியால் தேய்த்து மெல்ல மெல்லச் சூடேற்றுமாறு விதித்தார். உணர்ச்சியற்ற கால் தீயிலே வெந்ததும், இளகிய கால் மறுநாள் நடையில் மீண்டும் உறைந்ததுமே அக்கேட்டின் காரணங்கள் என்பது அன்று புலப்படவில்லை. பெரியவர் ஒருவரின் சொல் என்பதனால் அம்முறை நூற்றைம்பது ஆண்டளவு நிலைபெற்றது. 1960-ஆம் ஆண்டையொட்டி அலாஸ்காவிலே வில்லியம் மில்ஸ் என்னும் வைத்தியர், இளஞ்சூடான நீரில் விரைந்து இளகச் செய்தலே நலம் பயப்பது என்று நோயாளர் பலரிடத்துக் கண்டு நிறுவினார்.

இன்றைய விதிகள் எளியன. குளிரினின்றும் ஒதுங்கிடம் சேர்க. ஈர உடையையும் மோதிரத்தையும் களைக. உடல் முழுவதும் குளிர்ந்து அறிவு தடுமாறுவோனாயின் உடலைச் சூடேற்றுவதே முதற் கடமை. உறைந்த உறுப்பைத் தேய்க்கலாகாது, தீயிலும் காட்டலாகாது. மீண்டும் உறைய இடமுண்டாயின் இளகச் செய்யாமலே கொண்டு செல்க. ஒருமுறை இளகி மறுமுறை உறைந்த உறுப்பு பிழைத்தல் அரிது. பாதுகாப்பான இடம் சேர்ந்தபின், 37 முதல் 39 பாகை செல்சியஸ் வரையுள்ள நீரில் ஏறத்தாழ அரைமணி நேரம், தோல் சிவந்து மெதுவாகும்வரை அமிழ்த்துக. நீரின் சூட்டை நோயாளியின் மரத்த விரலால் அறிய முயலற்க. வெப்பமானியாலோ, நலமுள்ளோன் ஒருவன் தன் முழங்கையாலோ சோதிக்க. இளகும்போது நோவு கடுமையாயிருக்கும். நோவடக்கும் மருந்து கொடுக்கலாம். மதுவும் புகையும் ஆகா. கொப்புளங்களை உடையாது, விரலிடைகளில் உலர்ந்த துணி வைத்துத் தளரக் கட்டி, நடக்கவிடாமல் வைத்தியரிடம் சேர்க்க வேண்டும்.

அங்கும் காலமே உயிர்நாடி. குருதிக் கட்டியைக் கரைக்கும் மருந்தை இளகிய 24 மணி நேரத்துள் ஏற்றினால் பல விரல்கள் பிழைக்கின்றன. குருதிக்கலன்களை விரிக்கும் ஐலோபிரொஸ்ட் என்னும் மருந்தைப் பிரெஞ்சு நாட்டு வைத்தியர் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டனர். அம்மருந்தை மட்டும் உரிய துணைச் சிகிச்சையோடு பெற்ற 16 பேரில் ஒருவருக்கேனும் உறுப்பை அகற்றும் நிலை நேரவில்லை. வேறு மருந்து பெற்ற 15 பேரில் 9 பேருக்கு அந்நிலை நேர்ந்தது. 2024 பெப்ரவரியில் அமெரிக்க அரசு அம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. கறுத்த விரலைக் கண்டவுடன் கத்தியை எடுத்தலும் ஆகாது. உயிருள்ள பகுதியும் இறந்த பகுதியும் தெளிவாகப் பிரியச் சில வாரங்களோ மாதங்களோ செல்லும். விரைந்து இளக்கல், பொறுத்து வெட்டல் என்னும் இரண்டும் அறிந்தோனே இங்கு நல்ல வைத்தியன்.

இனி நம் மலைக்குத் திரும்புவோம். இங்கே விரலை உறையச் செய்வது வானத்துப் பனியன்று. நம் கையிலுள்ள பனிக்கட்டியே. தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரத்திலோ, மரம் அறுக்கும் வாளிலோ ஒருவன் விரல் துண்டாகுமாயின், உடனிருப்போர் நல்லெண்ணத்துடன் அதனைப் பனிக்கட்டியிலே நேரே புதைத்துக் கொண்டோடுவர். விரல் அங்கே உறைந்து, உருசியப் பனியிற் கிடந்த வீரனின் விரல்போல மாண்டுவிடும். துண்டான விரலைத் தூய நீரால் மெல்லக் கழுவி, நனைத்துப் பிழிந்த தூய துணியிற் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து நோயாளியோடு அனுப்புதலே முறை. காயத்தைத் துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். சிறு தோலாலேனும் ஒட்டிக்கொண்டிருக்கும் விரலை அறுத்தெறியலாகாது. இவ்வாறு குளிர்விக்கப்பட்ட விரல் 24 மணி நேரமளவும் பொருத்துதற்கு ஏற்றதாயிருக்கும்; தசை மிகுந்த கைக்கோ காலுக்கோ ஏறத்தாழ ஆறு மணி நேரமே உண்டு. 1962-இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே துண்டான கை முதன்முறையாக மீளப் பொருத்தப்பட்டது. இன்று கோயம்புத்தூர்க் கங்கா மருத்துவமனை இத்துறையில் உலகப் புகழ் பெற்று விளங்குகின்றது. ஆனால், எத்துணைத் திறமுள்ள சத்திர வைத்தியரும் உறைந்து கெட்ட விரலை உயிர்ப்பிக்க வல்லரல்லர்.

இதனினும் பரந்த கேடு மற்றொன்று உண்டு. அஃது உணர்ச்சியற்ற பாதம். கொல்லிமலையிற் பிறந்து, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் தொண்டாற்றிய போல் பிராண்ட் என்னும் வைத்தியர், தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே உதிர்வதில்லை. நோவு தெரியாமையால் சுட்டும் வெட்டியும் தேய்ந்தும் அழிகின்றன என்று காட்டினார். அவர்தம் குழுவினர் அத்தகைய பாதங்களுக்கு மெத்தென்ற இறப்பர்ச் செருப்பு அமைத்துப் பல கால்களைக் காத்தனர். பிராண்ட் கண்ட அவ்வுண்மை நீரிழிவாளர்க்கும் அப்படியே பொருந்தும். மரத்த காலோடு மலையேறும் தாய், செருப்பினுட் கிடக்கும் கல்லை அறியாள். குளிர்காலத்து இரவில் லயத்து அடுப்பருகே காலை நீட்டுங்கால் தோல் வேவதையும் அறியாள். ஒரு நாட் சம்பளம் போய்விடுமே என அஞ்சிப் புண்ணைத் துணியால் மூடிக்கொண்டு மறுநாளும் மலைக்குச் செல்வாள். கால் வீங்கி நாற்றம் வீசும்போதுதான் வைத்தியசாலையை நாடுவர். அங்கே எஞ்சுவது பெரும்பாலும் கத்தியே.

இனி முளைக்கும் கையைப் பற்றிச் சொல்வேன். நம் வீட்டுப் பல்லி வாலை இழந்து மீண்டும் பெறுகின்றது. ஆயினும் புதிய வாலில் முன்போல் என்புக் கணுக்கள் இல்லை, கசியிழையக் குழாய் ஒன்றே உண்டு. மெக்சிக்கோ நாட்டு ஏரியில் வாழும் அக்சொலோட்டல் என்னும் நீர்வாழ் உயிரோ என்பும் தசையும் நரம்பும் விரலுமாக முழுக் காலையும் முளைப்பித்துக்கொள்கின்றது. அதன் காயத்தின்மேல் தழும்பு கட்டாது, இளங்கலங்களின் திரளொன்று தோன்றி உறுப்பை மீள வனைகின்றது. மனிதக் காயமோ விரைந்து தழும்பினால் மூடிக்கொள்கின்றது. எனினும் நம்மிடத்தும் அவ்வாற்றலின் சுவடு உண்டு. சிறுவரின் விரல் நுனி, கடைசி மூட்டுக்கு அப்பால் துண்டிக்கப்பட்டால், தைக்காமல் மூடிக் காத்துவர மீண்டும் வளர்வதை இங்கிலாந்தின் செபீல்ட் நகர வைத்தியர் ஒருவர் 1974-இல் எழுதினார். 2022-இல் அமெரிக்காவின் தவ்ட்ஸ் பல்கலைக்கழகத்தார், வளர்ந்த தவளையின் வெட்டுண்ட காலில் ஐந்து மருந்துகள் சேர்ந்த உறையொன்றை 24 மணி நேரம் மட்டுமே அணிவித்தனர். பதினெட்டு மாதங்களில் என்பும் நரம்பும் கொண்டு, தொடுகையை உணர்ந்து, நீந்தவும் உதவும் கால் போன்ற உறுப்பொன்று வளர்ந்தது. விரல்கள் முற்றுப்பெறவில்லை, ஆயினும் வழி திறந்தது.

தவளையினின்று மனிதனுக்குச் செல்லும் வழி நெடிது. இடைக்காலத்தில், இறந்தோரின் கையைப் பொருத்தும் சிகிச்சை 2015-இல் கொச்சியிலும் 2018-இல் சென்னை ஸ்ரான்லி மருத்துவமனையிலும் நிகழ்ந்தது. அதனைப் பெற்றோர் வாழ்நாள் முழுதும் உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்தை உண்ணல் வேண்டும். ஏழைக்கு இன்றும் துணை நிற்பது ஜெய்ப்பூர்க் காலே. 1968-இல் சேத்தி என்னும் வைத்தியரும் இராமச்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேர்ந்து அமைத்த அவ்விறப்பர்ப் பாதம், சேற்றில் நடக்கவும் சம்மணமிட்டு இருக்கவும் இடந்தருவது. கொழும்பில் ஆபத்துக்குதவும் நண்பர் சங்கமும், யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர் நிலையமும் அதனை வழங்கிப் போரினாலும் நோயினாலும் காலிழந்த எண்ணற்றோரை எழுந்து நடக்கச் செய்துள்ளன.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவிலே மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயாளி, வைத்தியன், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து உதவுவோனையும் நான்காவதாகச் சேர்த்தார். முதல் மூன்றும் பெரு நகரங்களில் வளர்ந்தவண்ணம் உள்ளன. நம் மலைகளிற் குறைந்து நிற்பது நான்காவது கூறே. அதனை ஆக்கித் தருதல் வைத்தியசாலையின் வேலையன்று, பள்ளியின் வேலை.

ஆதலின் பொன்விழா நிதியைப் பற்றி என் கருத்தை ஒளியாது கூறுவேன். அலங்கார வளைவு எழுப்ப வேண்டும் எனப் பழைய மாணவர் சிலர் கருதுகின்றனர். கல்லூரியின்பால் அவர் கொண்ட அன்பை யான் போற்றுகின்றேன். ஆயினும் அந்நிதியில் ஒரு பகுதியை மூன்று காரியங்களுக்கு ஒதுக்குதல் தகும். மேல்வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் சென் ஜோன் அம்புலன்ஸ் நிறுவனத்தின் முதலுதவிப் பயிற்சி பெற்றே கல்லூரியை விட்டுச் செல்ல வேண்டும். குளிர் நாடு செல்வோருக்குப் பனிக்கடி பற்றிய பாடமும் அதனோடு சேர்தல் வேண்டும். சுற்றுப்புறத் தேயிலைத் தொழிற்சாலை ஒவ்வொன்றிலும் தூய துணியும் தடித்த பிளாஸ்டிக் பையும் கொண்ட பெட்டியொன்று, 1990 என்னும் இலவச அம்புலன்ஸ் எண்ணோடும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய விதிகளோடும் தொங்க வேண்டும். ஆண்டுதோறும் ஒரு நாளைப் பாதப் பரிசோதனை நாளாகக் கொண்டு, தோட்ட வைத்திய உதவியாளரின் மேற்பார்வையில், பத்துக் கிராம் விசையில் வளையும் நைலோன் இழையால் நீரிழிவாளரின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணை மூடியிருப்போர் அத்தொடுகையை உணராராயின், அக்கால் ஆபத்திலுள்ளது. அவ்விழையின் விலை அற்பம். அது காக்கும் காலுக்கோ விலையில்லை.

"இது வைத்தியர் வேலை, மாணவரின் படிப்புக் கெடும்" என்று சொல்வாரும் உளர். பாட்டியின் உள்ளங்காலை நாள்தோறும் மாலையிலே பார்க்கும் பேரனின் படிப்பு எங்ஙனம் கெடும்? நரம்பும் குருதியும் கலமும் பற்றி அவன் ஏட்டிலே படித்த பாடம் அன்றுதான் உயிர் பெறுகின்றது. தவளையின் காலை முளைப்பிக்கும் ஆய்வுக்கு நாளை நம் மாணவன் ஒருவன் செல்வானாயின், அவனுக்கு இதனினும் சிறந்த முதற்பாடம் வேறில்லை.

முளைக்கும் கையை விஞ்ஞானிகள் உரிய காலத்தில் தருவர், அதனை வரவேற்போம். அதுவரை ஒரு தொழிலாளியின் விரலும் ஒரு தாயின் பாதமும் நம் அறியாமையால் இழக்கப்படாதிருக்க, காக்கும் கைகளை இக்கல்லூரி ஆண்டுதோறும் அனுப்புமாக.