நீட் மதிப்பெண்ணுக்குப் பிறகு

மருத்துவப் படிப்புக்கான தேசியத் தகுதி நுழைவுத் தேர்வாகிய நீட், சரியான விடைக்கு 4 மதிப்பெண் தந்து தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழித்து, 180 வினாக்களை 720 மதிப்பெண்ணுக்கு அளக்கிறது. அதில் எதிர்பார்த்ததைப் பெறாத பொள்ளாச்சி வட்டார மாணவர், ஒரு பிற்பகலின் விளைவைத் தம் அறிவின் முழு அளவாகக் கொண்டுவிடுவது மிகுந்த வருத்தத்துக்குரியது.

தகுதி வரம்பு சதமானத்தால், அதாவது தேர்வெழுதியோரில் எத்தனை விழுக்காட்டினரைவிட ஒருவர் முந்தியிருக்கிறார் என்னும் கணக்கால் வகுக்கப்படுவதால், ஒரே மதிப்பெண் ஆண்டுக்கு ஆண்டு வேறு இடத்தைத் தரும். மறுபடியும் எழுதத் துணிவோர், தம் விடைகளை விடைக்குறிப்போடு ஒப்பிட்டு, தெரியாமல் விட்டவற்றையும் ஊகித்து மதிப்பெண் இழந்தவற்றையும் பிரித்தறிந்தால், குறை எங்கே என்பது தெளிவதோடு ஊக்கமும் மீளும். இரவுபகலாகப் படிப்பதாகச் சூளுரைப்பதைவிட இதுவே பயன் தரும். உணவும் உறக்கமும் குறைந்து ஒதுங்கும் பிள்ளையை, உறவினர் மதிப்பெண்களோடு ஒப்பிடாமல், 104 என்னும் அரசு உதவி எண்ணில் ஆலோசனை பெறச் செய்வது பெற்றோரின் உடனடிக் கடமை.

மறுதேர்வு ஒன்றே வழியும் அன்று. கோவையின் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண் கொண்டே இளநிலை மாணவரைச் சேர்க்கிறது. வேர் வாடல் நோயால் தென்னந்தோப்புகளை இழந்துவரும் பொள்ளாச்சிக்கு, ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றத்தக்க உயிரியல் அறிவும் மருத்துவருக்கு நிகராகத் தேவைப்படுகிறது.