கிணற்றடிப் பெட்டிக்கும் வரைபடம் வேண்டும்

மல்லாங்கிணறில் மோட்டார் ரீவைண்டிங்கும் ஸ்டார்ட்டர் ரிப்பேரும்தான் என் பிழைப்பு. முன்பெல்லாம் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால் காண்டாக்டர், ரிலே, பொத்தான் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இப்போது செல்போன் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. நடுராத்திரி மும்முனை கரண்ட் வந்தால் பாம்புக்குப் பயந்துகொண்டு டார்ச்சோடு ஓட வேண்டாம். கட்டிலில் படுத்தபடியே மோட்டாரைப் போடலாம். விவசாயிக்கு இது பெரிய விடுதலை.

அந்தப் பெட்டிக்குள் வேலை பார்ப்பது மைக்ரோகண்ட்ரோலர். கணக்குப் போடும் பகுதி, நினைவகம், வெளி ஒயர்களோடு பேசும் கால்கள் மூன்றும் ஒரே சில்லில் இருக்கும். எழுதிக்கொடுத்த வேலையைக் கரண்ட் உள்ளவரை திரும்பத் திரும்பச் செய்யும். மூன்று பேஸும் இருக்கிறதா? வோல்டேஜ் போதுமா? மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது? கிணறு வற்றினால் பம்பின் சுமை குறைந்து ஆம்பியர் இறங்கும். உடனே மோட்டாரை நிறுத்திவிடும். சித்திரையில் ஊற்று சுருங்கும் எங்கள் கிணறுகளில் எத்தனையோ மோட்டார்கள் கருகாமல் தப்பியது இதனால்தான். இதற்குப் பெரிய மூளையும் தேவையில்லை. 1980இல் இன்டெல் கொண்டுவந்த 8051 சில்லில் இருந்தது 4 கிலோபைட் புரோகிராம் இடமும் 128 பைட் ராமும்தான். இந்தக் காவலுக்கு அதுவே தாராளம்.

என் ஆதங்கம் வேறு. பல போர்டுகள் சில்லின் எண்ணைச் சுரண்டி, மேலே கறுப்புப் பிசின் ஊற்றி வருகின்றன. வரைபடம் கிடையாது. கெட்டால் முழுப் போர்டையும் மாற்றச் சொல்கிறார்கள். அது வந்து சேர்வதற்குள் வெங்காயம் வாடிவிடும். நான் பிசினைச் சுரண்டிப் பார்த்த வரையில் சில்லு கெட்டது அபூர்வம். உப்பிய கெப்பாசிட்டர், மின்னலில் வெடித்த வேரிஸ்டர், ரிலே பாயிண்டுக்குள் புகுந்து செத்த எறும்பு, இவைதான் கோளாறு. எல்லாம் சில ரூபாய்ச் சமாசாரம்.

ஒன்றிய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமை இணையதளத்தில் விவசாயக் கருவிகளும் ஒரு பிரிவு. ஸ்டார்ட்டர் போர்டுகளின் வரைபடமும் உதிரி எண்களும் அங்கே தமிழில் வர வேண்டும். சில்லுக்குள் இருக்கும் புரோகிராமை நான் கேட்கவில்லை. அது கம்பெனியின் உழைப்பு. சுற்றியிருக்கும் பாகங்களின் விவரம் போதும்.

ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் பிள்ளைகளுக்கும் இந்தப் போர்டைக் கையில் கொடுத்துச் சொல்லித்தர வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த சக்தி சில்லு 2018லேயே சண்டிகரில் தயாராகிவிட்டது. சில்லையே வடிவமைக்கும் நாட்டில், அது உட்கார்ந்திருக்கும் போர்டைப் பழுதுபார்க்க நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? என் கடையில் கெட்ட போர்டுகள் ஒரு சாக்கு நிறையக் கிடக்கின்றன. எந்தப் பயிற்சி நிலையம் கேட்டாலும் காசு வாங்காமல் தருகிறேன். கூட வந்து பிரித்தும் காட்டுகிறேன்.